உள்ளங்கையின் முறையீடு

கொழும்பு மாநகரிற் புதுக்கடையை அறியாதார் இலர். 1656 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்ற முற்றுகையிட்ட ஒல்லாந்தர் படைக்குத் தலைமை தாங்கிய ஹுல்ப்ட் என்பார் அம்முற்றுகையிலேயே மாண்டார். அவர் பெயரையே இவ்விடத்துக்கு ஒல்லாந்தர் இட்டனர். ஆயின் மக்கள் நாவில் அப்பெயர் நிலைக்கவில்லை. தமிழர் புதுக்கடை என்றனர். சிங்கள மக்கள் அதே பொருள்பட அளுத்கடே என்றனர். பகலில் இது நீதிமன்றங்களின் ஊர். கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞரும், கோப்புக்கட்டுகளைச் சுமந்த எழுதுவினைஞரும், தவணை கேட்டு நிற்கும் வழக்காளியும் நிறைந்த தெருக்கள். இரவானால் இதுவே கொத்துரொட்டிக் கடைகளின் ஊர். இரும்புத் தட்டில் தகடுகள் மோதும் ஓசை நள்ளிரவு வரை ஓய்வதில்லை.

அந்த ஓசை அடங்கிய பின்னரும் உறங்கமாட்டாது விடியுமட்டும் விழித்திருந்த ஒரு பெண்ணைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். அவள் என் தம்பியின் மகள், கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை, தலைப்பிள்ளைத்தாய்ச்சி. எட்டாம் மாதம் நிறைவெய்தும் வேளையில் அவளுக்கு ஓர் உபாதை தொடங்கியது. "பெரியப்பா, உள்ளங்கை கடிக்குது, உள்ளங்காலும் கடிக்குது. பகலில் பொறுக்கலாம், இரவில் ஏலாது" என்றாள். கையைப் பார்த்தேன். கொப்புளம் இல்லை, தடிப்பு இல்லை, சிவப்பும் இல்லை. அவளே சொறிந்த நகக்கீறல்கள் மட்டுமே இருந்தன.

அரிப்பு என்றும், நமைச்சல் என்றும், தினவு என்றும் தமிழில் இதற்குச் சொற்கள் பல. ஈழத்திலே 'கடி' என்னும் ஒரு சொல்லே போதும். சொல் வளம் இருந்தும் என்ன? இந்நோவை எவரும் நோவாக மதிப்பதில்லை. வயிறு வலிக்கிறது என்றாற் பதறும் வீடு, கை கடிக்கிறது என்றாற் சிரிக்கின்றது.

பெரியோர் தந்த விளக்கங்கள்

வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் கூறினர். பித்தம் கூடிவிட்டது என்றார் ஒருவர். பிள்ளைக்குத் தலைமயிர் முளைக்கிறது, அதுதான் கடிக்கிறது என்றார் மற்றொருவர். வேப்பிலை அவித்த நீரில் குளிப்பாட்டினர், தேங்காயெண்ணெய் பூசினர். அயலிலிருந்த மருந்தகம் ஒன்றில் சூட்டினால் வந்தது என்று கூறிக் களிம்பு கொடுத்தனுப்பினர். களிம்பு தீர்ந்தது, கடி தீரவில்லை.

பெரியோரின் அறியாமையை எள்ளுவது என் நோக்கமன்று. பித்தம் என்றாரே, அவர் குறி முற்றாகத் தவறவில்லை. நோயின் வேர் பித்தத்திலேதான் இருந்தது. ஆனால் அது தலைக்கேறும் பித்தமன்று. ஈரல் சுரந்து குடலுக்கு அனுப்ப வேண்டிய பித்தநீர். அது போகும் வழி தடைப்பட்டு இரத்தத்திலே தேங்கியமையே இவ்வருத்தத்துக்குக் காரணம்.

இதனை முதலில் உய்த்துணர்ந்தவர் பெரும் பட்டம் பெற்ற நிபுணர் அல்லர். எங்கள் பகுதியின் மருத்துவமாது. கிளினிக்கிற்குச் சென்ற நாளில் எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்தபின், நகக்கீறலைக் கண்டு அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். "தங்கச்சி, உள்ளங்காலிலும் இருக்குதா? இரவிலையா கூட? தோலில் ஏதும் போட்டிருக்குதா?" முதலிரண்டுக்கும் ஆம், மூன்றாவதுக்கு இல்லை என்ற விடை வந்ததும், "இன்றைக்கே பெரிய வைத்தியரைக் காட்ட வேணும்" என்றார்.

ஈரலில் நிகழ்வது என்ன?

கர்ப்பகாலப் பித்தத்தேக்கம் என்று இந்நோயைத் தமிழிற் கூறலாம். ஜெர்மானிய வைத்தியர் ஆல்பெல்ட் 1883 இல் இதனை எழுதிவைத்தார். 1954 இல் சுவீடன் நாட்டு வைத்தியர்கள் இதனைத் தனி நோயாக விரித்துரைத்தனர். பேறுகாலம் நெருங்கும்போது பெண்ணுடலில் ஈஸ்திரசன், புரோஜெஸ்தரோன் ஆகிய ஓமோன்கள் மிகுகின்றன. ஈரற் கலங்களிலிருந்து பித்த அமிலங்களை வெளியேற்றும் சிறு வாயில்கள் சிலருக்குப் பிறப்பிலேயே சற்று இறுக்கமானவை. ஓமோன்களின் பெருக்கில் அவ்வாயில்கள் மேலும் தளர்ந்து வேலை செய்கின்றன. வெளியேறாத அமிலம் இரத்தத்தில் மிகுந்து விடுகின்றது. ஆகவேதான் இது சில குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் சகோதரிகளுக்கும் வரக் காண்கின்றோம்.

இங்கிலாந்திலே பல இனத்தவரும் வாழும் மக்களிடையே ஆயிரம் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 7 பேருக்கு இது வருகின்றது. அந்நாட்டில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வழிவந்த பெண்களிடையே 12 முதல் 15 பேருக்கு வருகின்றது. ஆகவே எம்மவருக்கு அயலான நோயன்று இது. அதே வேளையில், கர்ப்பிணிகளில் நால்வரில் ஒருவருக்கேனும் ஏதோவொரு விதமான அரிப்பு உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. எது தீங்கற்றது, எது ஈரலின் முறையீடு என்று பிரித்தறிய இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. கண் மஞ்சளாகும் வரை காத்திருத்தல் பேதைமை. செங்கமாரி இந்நோயிற் சிலருக்கே தோன்றும்.

தாய்க்கு இந்நோய் பெருந்துன்பம் தந்தாலும் உயிருக்கு உலை வைப்பது அரிது. அச்சம் சிசுவைப் பற்றியது. மிகுந்த பித்த அமிலம் சூல்வித்தகத்தைக் கடந்து சென்று சிசுவின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறு நேரும் மரணம் முன்னறிவிப்பின்றி நேர்வது. இன்று இதயத் துடிப்பைக் கருவியிற் பதிந்து நலமென்று கூறினாலும், நாளைக்கு அது உத்தரவாதம் ஆகாது.

எண்கள் கூறிய தீர்ப்பு

இங்கேதான் குடும்பத்தில் வழக்குத் தொடங்கியது. என் தம்பி மகளின் இரத்தம் வெளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டு, சில நாட்களின் பின் முடிவு வந்தது. பித்த அமிலம் லீற்றருக்கு 62 மைக்ரோமோல். அப்போது கர்ப்பம் 35 வாரம்.

மாமியார் ஒரு கட்சி. "பிள்ளைக்கு ஆபத்தென்றால் ஏன் வைத்திருப்பான்? நல்ல நட்சத்திரம் பார்த்து இப்பவே வெட்டி எடுக்கலாம்" என்றார். பெற்ற தாய் மறு கட்சி. "பத்து மாதமும் நிறையட்டும். நோவு தானாக வரட்டும். காய் பழுக்க முதல் பிடுங்கக் கூடாது" என்றார். இரு சாராரும் அன்பினாலேயே வாதாடினர். நடுவே இரவெல்லாம் உறங்காத பெண் குளிர்ந்த நீரில் துணியை நனைத்துப் பாதங்களைச் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

வைத்தியர் அவளை அமர்த்தி எண்களைக்கொண்டே விளக்கினார். 2019 ஆம் ஆண்டில் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய ஆய்வொன்று வெளியாயிற்று. பித்த அமிலத்தின் உச்ச அளவு 40 க்குக் குறைந்த தாய்மாரில், ஒரு பிள்ளை மட்டுமே கருவுற்றிருந்தோரிடையே, பிள்ளை இறந்து பிறத்தல் நூற்றுக்கு 0.13, 40 முதல் 99 வரை இருந்தோரில் 0.28, 100 ஐத் தொட்டோ கடந்தோ இருந்தோரில் 3.44. முதலிரு கூட்டத்தாரின் நிலை ஏனைய தாய்மாரின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. மூன்றாவதே அஞ்சத்தக்கது. ஆயின் ஒரு முறை பார்த்த எண் நிலையான எண்ணன்று; அது ஏறலாம். ஆதலின் கிழமைதோறும் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார்.

இதனை அடிப்படையாகக் கொண்டு பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2022 இல் வழிகாட்டியொன்றை வெளியிட்டது. வேறு சிக்கல் எதுவும் இல்லாதவிடத்து, அளவு 40 க்குக் குறைவாயின் 40 வாரம் வரை பொறுக்கலாம். 40 முதல் 99 ஆயின் 38 அல்லது 39 வாரத்திற் பிறப்பிக்கலாம். 100 க்கு மேற்படின் 35 அல்லது 36 வாரத்திலேயே அதனை எண்ண வேண்டும். காலத்துக்கு முன் பிறக்கும் பிள்ளை மூச்சுக்குத் திணறலாம். காலந்தாழ்த்தினால் பித்தத்தின் ஆபத்து. இரு தட்டுகளையும் நிறுத்துப் பார்த்தே நாள் குறிக்கின்றனர். இந்நோய் ஒன்றை மட்டுமே காரணமாகக்கொண்டு வயிற்றைக் கீற வேண்டியதில்லை என்பதையும் வைத்தியர் தெளிவுபடுத்தினார்.

மருந்து இல்லையா என்று கேட்டோம். உர்சோடிஒக்சிகோலிக் அமிலம் என்றொரு மாத்திரை உண்டு. கரடியின் பித்தத்திற் கண்டறியப்பட்டமையால் இலத்தீன் மொழியிற் கரடியைக் குறிக்கும் சொல் அதன் பெயரில் ஏறியது. நெடுங்காலம் இம்மருந்தே நம்பிக்கையாக இருந்தது. 2019 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 605 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு, அது அரிப்பைச் சிறிதளவே குறைக்கின்றது, சிசுவுக்கு நேரும் தீங்குகளைக் குறைத்ததாகக் காணவில்லை என்று உரைத்தது. எனவே மாத்திரையை விழுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று எவரும் எண்ணலாகாது. பிள்ளையின் அசைவைத் தாய் கவனித்து வருவதும், அசைவு குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று பாராமல் அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்வதும் இன்றியமையாதவை.

எல்லா ஈரல் நோயும் இத்துணை மெதுவானதன்று என்பதையும் இங்கே கூறவேண்டும். கடுந்தலைவலி, கண் மங்கல், வலப்புற விலாவின் கீழ் வலி, ஓயாத வாந்தி, மயக்கம் ஆகியவை பேறுகாலத்திற் கண்டால் அவை வேறு கொடிய நோய்களின் குறிகள், நாழிகை தாழ்த்தலாகாது. 1955 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1956 இன் தொடக்கத்திலும் தில்லி மாநகரில் யமுனைக் குடிநீரிற் கழிவுநீர் கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அவர்களுட் கர்ப்பிணிகளே பிறரினும் மிகுதியாக மாண்டனர். பின்னாளில் அந்நோய்க்குக் காரணம் ஈ வகை ஈரலழற்சிக் கிருமி என அறியப்பட்டது. கொதித்தாறிய நீரின் அருமையை உணர்த்த இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

என் தமக்கையின் கதை

இத்துணை விரிவாக நான் எழுதக் காரணம் ஒன்றுண்டு. 1968 இல், நான் பள்ளி மாணவனாயிருந்தபோது, என் தமக்கையார் ஒன்பதாம் மாதத்தில் இதேபோல் இரவிரவாகச் சொறிந்தார். கதவு நிலையிற் பாதத்தைத் தேய்த்தபடி அவர் நின்ற காட்சி இன்றும் என் கண்ணில் உள்ளது. ஒரு நாட் காலையிற் பிள்ளை அசையவில்லை என்றார். பிறந்தது உயிரற்ற ஆண் மகவு. அதன் பின் வீட்டிலே விசாரணை தொடங்கிற்று. கிரகணத்தன்று வெளியிற் போனாயா? அன்னாசி தின்றாயா? யார் கண்பட்டது? எல்லாக் கேள்வியும் அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின. அவருக்காகப் பேச எந்த வழக்கறிஞரும் இருக்கவில்லை. மறுமொழி கூறாமலே வாழ்ந்து அவர் மறைந்தார்.

அவருக்கு இருந்தது இந்நோய்தான் என்று இன்று எவரும் சான்று காட்டவியலாது. ஆயினும் தம்பி மகளின் சோதனை முடிவைக் கையில் வாங்கிய அன்று, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலுவையில் இருந்த ஒரு வழக்கிற்குத் தீர்ப்புக் கிடைத்ததாக உணர்ந்தேன். நோய்க்குப் பெயர் கிடைத்தால் பழிக்கு இடமில்லை.

நம் நாட்டிற் பேறுகாலம் கண்ட மாற்றத்தை நாம் போதிய அளவு எண்ணுவதில்லை. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879 இற் கொழும்பில் மகப்பேற்று வைத்தியசாலை எழுந்தது. 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. வீடுதேடி வரும் மருத்துவமாதர் சேவை அவ்வழியே நாடெங்கும் பரவிற்று. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000 க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகச் சுருங்கியுள்ளது. இதனைச் சாதித்தது பொறிகள் மட்டுமல்ல. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் ஒரு மருத்துவமாதின் செவியுமேயாகும்.

தமிழுக்கும் இதிற் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீன், பிரசவ மருத்துவ நூலொன்றையும் தமிழாக்கினார். அவர் தொட்ட பணியைத் தொடர வேண்டியவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களுமே. மருத்துவமனைத் தாளில் உள்ள எண்ணைத் தாய்மொழியில் விளங்கிக்கொள்ளும் பெண்ணே தன் பேறு பற்றித் தானே முடிவு செய்ய வல்லவள்.

என் தம்பி மகளும் அவ்வாறே முடிவு செய்தாள். அடுத்த கிழமை அளவு 71. அதற்கடுத்த கிழமை 68. நூறைத் தொடவில்லை. "பொறுப்பேன், ஆனால் பத்து மாதம் வரை அல்ல. 38 வாரம் முடிந்ததும் மருந்தால் நோவை வரவழைக்கட்டும்" என்று இரு கட்சியாரிடமும் கூறினாள். நட்சத்திரம் பார்த்தவரும் அடங்கினார்; காய் பழுக்கட்டும் என்றவரும் அடங்கினார். குறித்த நாளில் வைத்தியசாலைக்குச் சென்றாள். மறுநாள் மாலை பெண் மகவு பிறந்தது. பிள்ளையின் அழுகை கேட்டதும் இரு பாட்டிமாரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு அழுதனர்.

சில நாட்களிற் கடி தணிந்தது. ஒரு மாதத்தின் பின் செய்த பரிசோதனையில் ஈரல் தன்னிலைக்கு மீண்டிருந்தது. அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்பி வரும் வாய்ப்பு மிகுதி என்றும், கருத்தடை மாத்திரை எடுக்குமுன் இதனை வைத்தியருக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தனர். அத்தாளை அவள் மகளின் பிறப்புச் சான்றிதழுடன் சேர்த்து வைத்திருக்கின்றாள். "இவளுக்கும் ஒரு நாள் தேவைப்படலாம், பெரியப்பா" என்றாள்.

புதுக்கடையில் இன்றும் கொத்துரொட்டித் தகடுகள் நள்ளிரவு வரை ஒலிக்கின்றன. அந்த வீட்டில் ஒரு சிசு அவ்வோசைக்கு விழிப்பதுமில்லை. அதன் தாயும் அயர்ந்து உறங்குகின்றாள். உங்கள் வீட்டிலே ஒரு கர்ப்பிணி 'கை கடிக்குது' என்று கூறினால் சிரியாதீர்கள். உள்ளங்காலிலுமா, இரவிலா என்று கேளுங்கள்.