சும்மா இருந்தாலும் மின்சாரம் தின்னும் கணினிகள்

போனக்காட்டு மலையில் பெய்யும் மழை கரமனை ஆற்றோடு இறங்கி, பேப்பாறை அணையில் தேங்கி, திருவனந்தபுரத்துக்குக் குடிநீராகிறது. அணையடியில் உள்ள சிறு மின்நிலையத்தின் திறன் 3 மெகாவாட். சென்னை சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழும் பெரிய தரவு மையம் ஒன்றுக்கோ பல பத்து மெகாவாட் வேண்டும்.

உலகத் தரவு மையங்கள் 2024இல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவிட்டதாகச் சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. மொத்த மின்பயன்பாட்டில் இது ஏறத்தாழ 1.5 சதவீதம்.

இதில் ஒரு பகுதி வீண். கூகுள் பொறியாளர்கள் பரோசோவும் ஹோல்ஸ்லேவும் 2007இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். சர்வர்கள், அதாவது தரவு மையக் கணினிகள், பெரும்பாலான நேரம் தம் திறனில் 10 முதல் 50 சதவீதம் வரைதான் உழைத்தன; வேலையே இல்லாத நேரத்திலும் உச்ச மின்சாரத்தில் பாதியை இழுத்தன. நிறுத்தத்தில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பேருந்து மாதிரி.

அப்படியானால் பத்து சர்வர்களில் சிதறிக் கிடக்கும் வேலையை நாலைந்தில் சேர்த்துவிட்டு, மற்றவற்றை உறங்கவைக்கலாமே? மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ராஜ்குமார் புய்யாவின் ஆய்வுக்குழு இதற்கான வழிமுறைகளை வகுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நிறுத்தாமலே வேறு சர்வருக்கு மாற்ற முடியும். ஆனால் அளவு முக்கியம். அளவுக்கு மீறி அடைத்தால் வேகம் குறையும், ஒரே இடத்தில் சூடு ஏறும், திடீரெனக் கூட்டம் வந்தால் உறங்கும் சர்வர் விழித்தெழ நேரம் பிடிக்கும்.

வேலையை எங்கே ஓட்டுவது என்பதைப் போலவே எப்போது ஓட்டுவது என்பதும் கேள்விதான். தேடலுக்கு உடனே விடை வேண்டும். வீடியோவைப் பதப்படுத்துவது சில மணி நேரம் காத்திருக்கலாம். அத்தகைய வேலைகளைக் காற்றும் வெயிலும் தாராளமாக மின்சாரம் தரும் நேரத்துக்குத் தள்ளும் முறையை 2020இல் கூகுள் அறிவித்தது. நம் பக்கத்துக்கு இது மிகப் பொருந்தும். கேரளத்தில் மாலைக்குப் பின் மின்தேவை உச்சம்; சூரியமின்சாரம் ஓய்ந்துவிடும் நேரமும் அதுவே. தமிழ்நாட்டிலோ மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகள் வேகமாகச் சுழலும். நகலெடுப்பு, மாதக் கணக்கு, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஆகியவற்றை அதற்கேற்ப நகர்த்தலாம்.

தடை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. வாடகை மையங்களில் கட்டடம் ஒருவருடையது, சர்வர் இன்னொருவருடையது. வாடகைதாரரின் சர்வரில் உரிமையாளர் கைவைக்க முடியாது. அரசின் மாநிலத் தரவு மையங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. கேரளமும் தமிழ்நாடும் தம் சர்வர்கள் எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிட்டு, முதல் அடியை எடுத்துவைக்க வேண்டும்.