இடுப்பு மடிப்பில் ஒரு கரும்பொருக்கு

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரையைத் தாண்டி மலையேறினால் அடுக்கம் வரும். தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓரங்களில் புதர் மண்டிக் கிடக்கும். களையெடுக்கவும் சுள்ளி பொறுக்கவும் மக்கள் அதற்குள் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். ஸ்க்ரப் டைபஸ் இத்தகைய புதரோரங்களின் நோய்.

நாளிதழ்கள் இதை உண்ணிக் காய்ச்சல் என்கின்றன. மாட்டின் காதுமடலில் ஒட்டியிருக்கும் உண்ணி வேறு. இதைப் பரப்புவது அதற்குத் தூரத்து உறவான ஒரு சிற்றுயிரின் குஞ்சு. ஆறு கால்கள், சுமார் கால் மில்லிமீட்டர் உடல். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பிற உடலில் ஒட்டும். பெரும்பாலும் எலிமேல், சில சமயம் மனிதர்மேல். வளர்ந்தபின் மண்ணோடு சரி. கிருமியோ தாயிடமிருந்து முட்டை வழியாகவே அதற்கு வந்துவிடுகிறது.

கடித்தது தெரியாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கும், தலை பிளக்கும், உடம்பு முறிக்கும். மலேரியாவா, டைபாய்டா, டெங்குவா என்று சோதிப்பார்கள். மலேரியா என்றால் கண்ணாடித் துண்டில் தடவிய இரத்தத்தில் ஒட்டுண்ணி தெரியும். டைபாய்டு கிருமியை வளர்ப்பூடகத்தில் வளர்த்துப் பார்க்கலாம். ஓரியன்சியா சுட்சுகமுஷி என்னும் இந்த பாக்டீரியா இரண்டுக்கும் பிடிகொடுக்காது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் என்பதால், வளர்க்க வேண்டுமானால் உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும்.

ஆகவே மருத்துவம் சுற்றுவழியைத் தேடியது. வெயில், ஃபெலிக்ஸ் என்ற இருவர் 1916இல், டைபஸ் நோயாளிகளின் இரத்தநீர் தொடர்பே இல்லாத புரோட்டியஸ் பாக்டீரியாவைத் திரளவைப்பதைக் கண்டார்கள். டைபஸ் கிருமி, புரோட்டியஸ் இரண்டின் மேற்பரப்பிலும் ஒத்த அடையாளம் இருப்பதால், ஒன்றுக்காக உருவான எதிர்ப்புப் புரதம் மற்றதையும் பிடித்துக்கொள்கிறது. 1920களில் மலேயாவில், தோட்டப்புறத்து டைபஸ் நோயாளிகளின் இரத்தநீர் புரோட்டியஸின் ஒரு வகையை மட்டும் திரளவைத்தது. அந்த வகைதான் ஓஎக்ஸ்-கே. கே என்பது கிங்ஸ்பரி என்பவரின் பெயரின் முதலெழுத்து. நகரத்து டைபஸும் தோட்டத்து டைபஸும் வெவ்வேறு என்பது இப்படித்தான் தெளிவானது. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த தோட்டங்கள் நிறைந்த நாடு அது என்பதால், இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவு வந்துவிடுகிறது.

வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை மலிவானது, ஆனால் பல நோயாளிகளைத் தவறவிடும். இன்று ஐஜிஎம் எலைசா நம்பகமானது. குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் நிறம் மாறினால் எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்று பொருள். ஆனால் அந்தப் புரதம் உருவாகக் காய்ச்சல் தொடங்கி ஐந்தாறு நாள் ஆகலாம். அதற்குள் நுரையீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டுவிட்டால் ஆபத்து. பென்சிலின் வகை மருந்துகள் இதில் பலிக்காது. உரிய நேரத்தில் டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இந்த வேறுபாடுதான் நோயைச் சீக்கிரம் அடையாளம் காண்பதை உயிர்காக்கும் வேலையாக்குகிறது.

தமிழ்நாட்டில் இந்நோய் குளிர் மாதங்களில் தலைதூக்குவதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2003இல் பதிவு செய்தார்கள். மழைக்காலக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் பருவமும் அதுதான்.

ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே உடம்பில் ஒரு சான்று இருக்கலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, பாவாடை நாடா இறுகும் இடுப்பு என்று துணி இறுகும் மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களில் பலருக்கும் தெரிவதில்லை. பெண்கள் கூச்சத்தால் காட்டுவதில்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் திரை இழுத்து முழு உடம்பையும் பார்க்க மருத்துவருக்கு நேரமும் இருப்பதில்லை. ஒரு திரையும், துணைக்கு ஒரு செவிலியரும், ஐந்து நிமிடமும் எந்தக் கருவிக்கும் குறைந்தவை அல்ல என்று உறுதியாக நினைக்கிறேன்.

அந்தப் பொருக்கிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்பினால், இரத்தத்தில் அகப்படாத கிருமியின் மரபணு அதில் அகப்படுகிறது. மருந்து தொடங்கிச் சில நாள் ஆன பிறகும், காய்ந்து உதிரும் தறுவாயில்கூட, அந்தக் கறுப்புத் துணுக்கில் அது கிடைக்கிறது.