மேல்மாடியில் ஒரு வாழ்த்துத் தொழில்

200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்றுதான் அந்தப் பெண் எண்ணியிருந்தார். மாதிரிகளை எடுத்துக்கொண்டு வெளியூர் சென்ற சகோதரர் திரும்பி வந்தபோது கொண்டுவந்ததோ 5,000 டாலருக்கும் அதிகமான ஆர்டர்! விற்கப் போன சரக்கு பட்டுமல்ல, பாத்திரமுமல்ல. கத்தரிக்கோலும் பசையும் கொண்டு வீட்டு மேஜையில் செய்த காகித வாழ்த்து.

பெண்ணின் பெயர் எஸ்தர் ஹவ்லண்ட். ஊர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர். 1828-ம் ஆண்டில் பிறந்தவர். தகப்பனார் அந்த ஊரில் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் பெரிய கடை வைத்திருந்தார். பெண்களுக்கு உயர்ந்த படிப்பு அபூர்வமாயிருந்த அந்நாளிலேயே மகளை மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விச்சாலையில் படிக்க வைத்தார். 1847-ல் படிப்பு முடிந்தது.

அந்தச் சமயத்தில், தகப்பனாருடன் வியாபாரத் தொடர்புடைய ஒருவரிடமிருந்து எஸ்தருக்கு ஒரு வாழ்த்து வந்தது. பிப்ரவரி 14-ந் தேதி வாலன்டைன் திருநாளில் அன்புக்குரியவர்களுக்கு வாழ்த்து அனுப்புவது மேல்நாட்டு வழக்கம். வந்த வாழ்த்து இங்கிலாந்துச் சரக்கு. ஓரமெல்லாம் லேஸ் துணி போலத் துளைகள் விட்ட வெள்ளைக் காகிதம். வண்ண வண்ணமாய்ப் பூக்கள். மற்றவர்களாயிருந்தால் அழகை மெச்சிப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருப்பார்கள். எஸ்தரோ, "இதை இங்கேயே செய்தால் என்ன?" என்று எண்ணினார்.

லேஸ் காகிதம் பிறந்த விதம்

அந்த லேஸ் காகிதம் கத்தரியால் வெட்டியதல்ல. உலோக அச்சின் மீது காகிதத்தை வைத்து அழுத்துவார்கள். மேடாக எழும்பிய இடங்களை மெல்லிய அரத்தால் உரசி எடுத்துவிடுவார்கள். உரசிய இடமெல்லாம் துளையாகி, பின்னல் வேலை போலத் தோன்றும். அப்போது இதில் இங்கிலாந்துக்காரர்களே கைதேர்ந்தவர்கள். எனவே லேஸ் காகிதத்தையும் பூப்படங்களையும் தருவித்துத் தரும்படி எஸ்தர் தகப்பனாரைக் கேட்டுக்கொண்டார். அவை வந்ததும் ஒரு டஜன் மாதிரிகள் தயாராயின. அவற்றுக்குத்தான் அத்தனை ஆர்டர்.

காலமும் கைகொடுத்தது. 1845-ல் அமெரிக்காவில் தபால் கட்டணம் குறைந்தது. 1847-ல் அரசாங்கத் தபால் தலைகள் வந்தன. கடிதம் போடுவது சாதாரண மக்களுக்கும் கட்டுப்படியாகும் காரியமாயிற்று.

ஆளுக்கு ஒரு வேலை

ஆர்டர் வந்துவிட்டது, ஒருத்தியால் செய்து மாளுமா? எஸ்தர் தம் தோழிகளைக் கூப்பிட்டார். வீட்டு மேல்மாடியில் நீண்ட மேஜை போட்டாயிற்று. ஒருத்தி படங்களைக் கத்தரிப்பாள். அடுத்தவள் அட்டையின் அடித்தளத்தை ஒட்டுவாள். அதற்கடுத்தவள் லேஸைப் பொருத்துவாள். இப்படி அட்டை கைமாறிக் கைமாறி, மேஜையின் மறு கோடிக்கு வரும்போது முழு வாழ்த்தாகிவிடும். மோட்டார் கார்த் தொழிற்சாலைகளால் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஏற்பாடு, வூஸ்டர் நகர மாடி ஒன்றில் அப்போதே நடந்தது!

வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்கு வேறு வழி செய்தார். ஒரு பெட்டியில் வேண்டிய சாமான்களை எண்ணி வைத்து, வீட்டுக்கே அனுப்பினார். ஒரு வாரம் கழித்து வண்டி போய், முடிந்த வாழ்த்துகளைத் திரும்ப வாங்கி வரும். அந்த வட்டாரத்து நெசவாலைகளில் பெண்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் உழைத்த காலம் அது. அடுப்பையும் தொட்டிலையும் விட்டு அகலாமலே நாலு காசு பார்க்க முடிந்தது எத்தனை பேருக்கு உதவியாயிருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடையில் எஸ்தருக்கு முழங்காலில் அடிபட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேஜையை மேற்பார்த்தார். தொழில் தளரவில்லை. வெள்ளை லேஸுக்கு அடியில் வண்ணக் காகிதத் துண்டை வைத்து, துளை வழியே நிறம் எட்டிப் பார்க்கும்படி செய்தது அவருடைய சிறப்பான உத்தி. தம் வேலை என்று தெரிய, அட்டையின் பின்புறம் சிறிதாகச் சிவப்பு 'எச்' எழுத்தைப் பதித்தார்.

"அட்டை அழகாயிருக்கிறது, ஆனால் பாட்டு எனக்குப் பொருந்தவில்லை" என்று வாங்குபவர் தயங்கக்கூடும் அல்லவா? அதற்கும் யோசனை செய்தார். 1879-ல் 131 வாழ்த்துப் பாக்கள் அடங்கிய ஒரு புத்தகம் அவருடைய கம்பெனியிலிருந்து வெளிவந்தது. பிடித்த பாட்டைத் தேர்ந்தெடுத்து, அட்டைக்குள் ஒட்டிக்கொள்ளலாம்!

1880-களின் தொடக்கத்தில் தகப்பனார் நோய்வாய்ப்பட்டார். அவருக்குப் பணிவிடை செய்ய வேண்டி, எஸ்தர் அம்மையார் தொழிலை ஜார்ஜ் விட்னி என்பவருக்கு விற்றுவிட்டார். ஊரார் காதலுக்கெல்லாம் ஓலை தயாரித்துத் தந்த அந்த அம்மையார் கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை. 1904-ல் காலமானார். கைவேலை போய் இயந்திரங்கள் வந்தன. விட்னி கம்பெனி பெரிதாக வளர்ந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது காகிதத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 1942-ல் அதுவும் மூடப்பட்டது.

நம் வீட்டு மேஜையில்

தொழிற்சாலைக்குத்தான் டன் கணக்கில் காகிதம் தேவை. வீட்டில் செய்ய, வீணாகும் துண்டுகளே போதும். எஸ்தர் முறையில் ஒரு பொங்கல் வாழ்த்தைக் குழந்தைகளும் செய்யலாம்.

முதலில் கெட்டிக் காகிதம் ஒன்றை எடுத்து, மடிக்காமல் இரு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடித்தால் மடிப்பு பிசிறில்லாமல் விழும். மடிக்குமுன், மை தீர்ந்த பேனா முனையால் கோடு கீறிக்கொள்வது நல்லது.

லேஸுக்கு மெல்லிய வெள்ளைக் காகிதத்தைச் சதுரமாக வெட்டி, இரண்டாக, நாலாக, எட்டாக மடியுங்கள். ஓரங்களில் சிறு சிறு பிறைகளும் முக்கோணங்களும் கத்தரித்துப் பிரித்தால், கோலம் போலத் துளைகள் வரிசை கட்டும். அதனடியில் மஞ்சளோ சிவப்போ வண்ணக் காகிதத்தை வையுங்கள்.

நடுவில் கரும்போ பொங்கல் பானையோ வரைந்து கத்தரித்து ஒட்டலாம். நேராக ஒட்டாமல், சிறு காகிதப் பட்டையை விசிறி போல மடித்து அதன் மீது ஒட்டினால், பானை அட்டையிலிருந்து எழும்பி நிற்கும்.

பசைக்கு மைதா மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சினால் போதும். மெல்லியதாகத் தடவ வேண்டும். அதிகமானால் காகிதம் சுருங்கும். எழும்பி நிற்கும் படத்தைக் கடைசிக்கு விட்டு, மற்றவற்றை ஒட்டியதும் கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

தை பிறந்தால் தபால்காரர் வாழ்த்துகளைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்த காலம் நம் ஊரில் போய்விட்டது. இன்று ஒரே வாழ்த்துப் படம் கைப்பேசியில் நூறு பேருக்கு ஒரு நொடியில் போகிறது; அடுத்த நொடியில் அழிக்கவும் படுகிறது. ஊரிலிருக்கும் பாட்டிக்குப் பேத்தி கத்தரித்து ஒட்டிய அட்டை அப்படி அழிவதில்லை. கோணலாக வெட்டியிருந்தாலும் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு.

உள்ளே எழுதப் பாட்டுப் புத்தகம் தேட வேண்டாம். உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி போதும். பின்புற மூலையில் உங்கள் பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு மையில் போட மறக்காதீர்கள்.