டில்லி வசந்தமும் குழந்தைத் தோட்டமும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் நம் முன்னோர். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் நாமெல்லோரும் மனப்பாடம் செய்தோம். அந்த மனப்பாடத்தோடு டில்லிக்கு வந்து சேருகிறவனுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் காத்திருக்கிறது. இங்கே வசந்தம் மாசியில் வந்து பங்குனி முடிவதற்குள் விடை பெற்றுக்கொள்கிறது. சித்திரை பிறக்கும்போது வெயில் சுடத் தொடங்கிவிடும்.

இக்குறுகிய வசந்தத்தின் செய்திகளைக் கூறுபவை மரங்களே. நகரைத் தாண்டினால் கடுகு வயல்கள் மஞ்சள் விரித்திருக்கும். இலையெல்லாம் உதிர்த்த முள்ளிலவ மரங்கள் செம்பூக்களைச் சுமந்து நிற்க, தேனுக்காக மைனாக்களும் காக்கைகளும் கூடி ஆரவாரம் செய்யும். அரசமரம் பழுத்த இலைகளைக் கொட்டிவிட்டுச் செப்பு நிறத் தளிர் விடும். நம்மில் பெரும்பாலோர் தேர்வுக் கவலையில் இவற்றைப் பார்ப்பதே இல்லை. எனக்கும் இவற்றைக் காட்டிக் கொடுத்தவர்கள் மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள்தாம்.

நம் பல்கலைக்கழகத்திற்குச் சற்றுத் தொலைவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் தாய்மார்கள் காலையில் குழந்தைகளை விட்டு மாலையில் அழைத்துச் செல்வார்கள். தாவரவியல் மாணவன் என்ற தகுதி ஒன்றைக் கொண்டு, சென்ற ஆண்டு சனிக்கிழமைதோறும் அங்கே ஒரு சிறு தோட்டம் போட முன்வந்தேன். நான் கற்பித்ததைக் காட்டிலும் கற்றுக்கொண்டதே மிகுதி.

குழந்தைக்கும் தோட்டத்திற்கும் உள்ள உறவு புதிதன்று. ஜெர்மனியில் பிரெடரிக் ஃபிரோபெல் என்ற அறிஞர் 1837-இல் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்கு ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். அது வெறும் உவமை அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு சிறு பாத்தியும், எல்லோருக்கும் உரிய பொதுப் பாத்திகளும் வேண்டும் என்பது அவர் திட்டம். 1851-இல் பிரஷ்ய அரசு இப்பள்ளிகளைத் தடை செய்தது. 1860-இல்தான் தடை நீங்கியது. மண்ணில் விளையாடும் குழந்தைகளைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது வியப்பன்றோ? 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், செடி வளர்ப்பு குழந்தைக்குப் பொறுமையையும் முன்யோசனையையும் கற்பிக்கிறது என்று கருதியவரே.

இவ்வளவும் படித்துவிட்டுச் சென்ற நான் முதல் வேலையிலேயே தவறினேன். ஜனவரி இறுதியில் நல்ல வெயில் அடித்த ஒரு நாளில், குழந்தைகள் கையால் வெண்டை விதை ஊன்றச் செய்தேன். ஒரு வாரம் சென்றது, இரண்டு வாரமும் சென்றது, ஒன்றும் முளைக்கவில்லை. பாத்தியின் அருகே குந்தியிருந்த ஒரு சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்து, “பையா, மர் கயா க்யா?” என்று கேட்டாள். செத்துவிட்டதா என்பது கேள்வி.

அன்றிரவு எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. நாற்றுப் பண்ணையில் நான்கு செடி வாங்கி, குழந்தைகள் வருமுன் நட்டுவிட்டால் என்ன? காப்பகத்து ஆசிரியையை நாங்கள் ‘தீதி’ என்று அழைப்போம். அவரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “செத்ததைச் செத்தது என்று சொல்லுங்கள். அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். பொய் சொன்னால் அடுத்த விதையை நம்பமாட்டார்கள்” என்றார். ஆராய்ச்சிக் கூடத்தில் ஓர் எண்ணைத் திருத்தி எழுதுவது குற்றம் என்று அறிந்த எனக்கு, பாத்தியில் ஒரு செடியைத் திருட்டுத்தனமாக நடுவதும் அதே குற்றம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் எல்லோரும் சேர்ந்து தோண்டினோம். விதைகள் அழுகிக் கிடந்தன. காரணம் எளிது. விதை முதலில் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. உள்ளே உறங்கும் கரு விழித்து மூச்சுவிடத் தொடங்குகிறது. சேமித்த உணவை நொதிகள் கரைத்துத் தருகின்றன. இவ்வேலைக்கு நீரும் காற்றும் போதா. தக்க வெப்பமும் வேண்டும். மண்ணின் வெப்பம் சுமார் 16 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் வெண்டை சரியாக முளைப்பதில்லை. டில்லியின் ஜனவரி இரவுகளோ 10 பாகைக்கும் கீழே இறங்குபவை. குளிர்ந்த ஈர மண்ணில் விதை தயங்க, பூஞ்சை முந்திக்கொண்டது. குழந்தைகளிடம், “விதைக்குக் குளிரெடுத்தது” என்றேன். அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பிப்ரவரி இறுதியில் அதே பாத்தியில் மீண்டும் ஊன்றினோம். ஒரு வாரத்தில் முளை கண்டது.

முளைப்பதற்குள் இன்னொரு தொல்லை. நான்கு வயதுப் பையன் ஒருவன் தன் விதையை நாள்தோறும் தோண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பான். கண்டிப்பதில் பயனில்லை, அவன் செய்தது சோதனை அல்லவா? ஒரு கண்ணாடித் தம்ளரின் உட்புறம் ஈரமான மையொற்றுத் தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே பச்சைப்பயறு இரண்டைச் செருகிக் கொடுத்தேன். மண்ணுக்குள் நடப்பது கண்முன் நடந்தது. முதலில் வேர் வந்தது. பிறகு வளைந்த கழுத்தோடு தண்டு எழுந்தது. தம்ளரைப் படுக்க வைத்தோம். மறுநாள் வேர் நுனி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. வேர் நுனியின் சில செல்களில் உள்ள கனமான மாவுமணிகள் கீழே படிவதால் வேருக்குத் திசை தெரிகிறது என்பது அறிவியல். “அதற்குக் கண் இருக்கிறது” என்பது அவன் முடிவு. அதன்பின் பாத்தியை அவன் தோண்டவில்லை.

பயிரைத் தேர்ந்தெடுப்பதில் நான் கற்ற பாடம் சற்றுக் கசப்பானது. வெண்டை காய்க்க 50 முதல் 60 நாட்கள் ஆகும். கட்டட வேலை செய்வோரின் குழந்தைகள் ஓரிடத்தில் அவ்வளவு நாள் இருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. இக்குழந்தைகளுக்காகவே டில்லியில் 1969-இல் மீரா மகாதேவன் அம்மையார் நடமாடும் காப்பகங்களைத் தொடங்கினார். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை அமைக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனினும் வேலை முடிந்ததும் குடும்பம் நகர்கிறது, பாத்தி நகர்வதில்லை. ஆகவே வெண்டையோடு வெந்தயமும் விதைக்குமாறு தீதி கூறினார். வெந்தயம் நான்கைந்து நாளில் முளைக்கும். மூன்று, நான்கு வாரத்தில் இளங்கீரையாகக் கிள்ளலாம். கடுகோ ஈரப் பஞ்சிலேயே இரண்டு மூன்று நாளில் முளைவிடும். கிள்ளிய கீரையைப் பருப்பில் இட்டுச் சமைத்தபோது, வீட்டில் கீரை தொடாத குழந்தைகளும் தட்டை வழித்தனர்.

சில எச்சரிக்கைகள் கூறியாக வேண்டும். கடையில் விற்கும் சாயமேற்றிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கும். அவற்றைக் குழந்தைகளிடம் தரலாகாது. ராஜ்மாவைப் பச்சையாகத் தின்றால் வாந்தி வரும். ஆமணக்கு, ஊமத்தை, அரளி, குன்றிமணி ஆகியவை நஞ்சு. அழகுக்காகவும் அருகில் வேண்டாம். சிறு விதைகள் மூக்கிலும் காதிலும் புகும். எண்ணிக் கொடுத்து அருகிலேயே இருக்க வேண்டும். மண்ணில் இறங்குமுன் காலில் செருப்பு, எழுந்தபின் சோப்பிட்டுக் கை கழுவல், இரண்டும் கட்டாயம்.

மார்ச் நடுவில் ஒரு திங்கட்கிழமை, தம்ளர்ப் பையன் வரவில்லை. குடும்பம் வேறு வேலையிடம் சென்றுவிட்டது என்றார் தீதி. அவன் ஊன்றிய வெண்டை ஏப்ரல் இறுதியில் காய்த்தது. மற்றக் குழந்தைகள் பறித்தனர். இலவு காத்த கிளி என்று நம் பழமொழி ஒன்று உண்டு. அவனை அவ்வாறு எண்ண எனக்கு மனமில்லை. போவதற்கு முன் வந்த வெள்ளிக்கிழமை, தான் விதைத்த வெந்தயக் கீரையைத் தன் தட்டில் அவன் உண்டிருந்தான். அந்த மட்டில் அவனுக்கு விளைச்சல் கிடைத்தது.

நண்பர்களே, இவ்வாண்டும் பிப்ரவரி இறுதியில் பாத்தி போட வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பழைய தம்ளர்கள், இரண்டு களைக்கொத்து, சனிக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரம், இவை போதும். இந்தி தெரியாதே என்று தயங்குவோர் இருப்பின் ஒன்று கூறுவேன்: எனக்கு இந்தி கற்பித்தவர்களும் அக்குழந்தைகளே. சங்க உறுப்பினர்களில் நால்வரேனும் முன்வந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாத்தி என்பதை இவ்வாண்டு செய்து முடிக்கலாம்.