துருசுக்குக் கட்டிய நூல்

வன்னிக் கமக்காரருக்கு நீரை மறிப்பதும் விடுவதும் ஒருவர் சொல்லித் தெரியவேண்டிய சங்கதிகள் அல்ல; மாரியில் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் உயரும்போது எந்தக் கிராமத்தார் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறவேண்டும் என்பதும், சிறுபோகத்துக்குத் துருசு திறக்கும் திகதி பிந்தினால் யாருடைய பயிர் வாடும் என்பதும் திண்ணையிலேயே பேசித் தீர்க்கப்படுகிற விஷயங்கள். ஆகையால், அடிபட்ட கண்ணிலே ஏறிய அழுத்தத்தைச் சின்னஞ்சிறு குழாயொன்றைப் பதித்து வடியவைக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதப் புகும்போது, குளத்தை விட்டு வேறு உவமானம் தேடிப் போவது வீண் சிரமம்.

கண்ணின் முன்னறையை நிரப்பும் தெளிந்த திரவத்தை நமது பாடநூல்கள் நீர்மயவுடனீர் என்று சொல்லும். அது நிமிஷத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை மைக்ரோலீற்றர் ஊறுகிறது. கண்ணில் விடும் மருந்துத் துளியொன்றின் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் மூலையில் சல்லடை போன்ற ஓர் இழையத்தின் வழியே அது வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. வரத்தும் போக்கும் ஒத்திருந்தால் கண்ணின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரையில் நிற்கும். போக்கு அடைபட்டு அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு பெரும்பாலும் வலியின்றியே தேயத் தொடங்கும். இதுவே குளோக்கோமா, சனங்கள் சொல்லுகிற ‘கண் பிறஷர்’.

அடிபட்ட கண்ணில் இந்த நோய்க்கு ஒரு வஞ்சகக் குணம் உண்டு. காயம் ஆறிவிட்டது என்று எல்லாரும் மறந்த பிறகு, சில வேளை பத்து இருபது வருஷம் கழித்தும், அது தலைகாட்டும். பலமான அடியிலே மூலையிலுள்ள தசை கிழிந்து பின்வாங்க, சல்லடை மெல்ல மெல்லத் தழும்பேறிப்போவதே அதற்குக் காரணம். விறகுச் சிராய், கருவேல முள், சுத்தியலடியில் தெறிக்கும் இரும்பு ஆகியவற்றோடு ஷெல் சிதறலும் மிதிவெடி வாரியிறைத்த மண்ணும் சேர்ந்துகொண்ட பூமி இது. 2009இல் யுத்தம் முடிந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்து கண்ணில் அடிவாங்கியவர்கள் இப்போதுதான் நடுவயதை நெருங்குகிறார்கள்.

மருந்துத் துளிகள் தோற்றால், கண்ணின் வெள்ளைக் கோதாகிய வன்கோதிலே ஒரு சிறு வாசல் வெட்டி நீரை வெளியேற்றுவது பழைய உபாயம். காயப்பட்ட கண்ணில் தழும்பு விரைந்து வளர்ந்து அந்த வாசலை அடைத்துவிடும். ஆதலால் 1969இல் தென்னாபிரிக்காவில் அன்ரனி மொல்ற்றேனோ என்ற வைத்தியர், குழாயை ஒரு தட்டோடு இணைத்து, அத்தட்டை விழிக்கோளத்தின்மேல் தைத்துவிட்டால் தழும்பு வளர்ந்தாலும் தட்டின் அளவுக்காவது ஒரு தேக்கம் மிஞ்சும் என்று கண்டார். 1993இல் அஹமட் என்பவருடைய, வால்வு பொருந்திய கருவி வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 2013இல் 350 சதுர மில்லிமீற்றர் தட்டும் சிலிக்கோன் குழாயும் கொண்ட கருவியொன்றை, மேல்நாட்டு விலையின் ஒரு சிறு பங்குக்கு, வெளியிட்டது.

மதுரைக் கருவிக்கு வால்வு இல்லை. துவாரம் 0.3 மில்லிமீற்றர்தான் என்றாலும் கதவில்லாத துருசு துருசல்ல. தட்டைச் சுற்றித் தழும்புறை வளர்ந்து நீரைத் தடுத்துநிறுத்தச் சில கிழமைகள் செல்லும், அதுவரை குழாயைத் திறந்துவிட்டால் குளம் ஒரே நாளில் வற்றிவிடும். எனவே சத்திரசிகிச்சையாளர் குழாயைக் கரையும் நூலால் இறுகக் கட்டிவிடுகிறார். நூல் ஐந்தாம் ஆறாம் கிழமையில் தானாகக் கரையும்.

சென்ற வருஷம் ஒரு கண் கிளினிக்கின் வாங்கிலே என் பக்கத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் இருந்தார். கலப்பைக் கொழுவை அடிக்கையில் தெறித்த இரும்புத் துணுக்கு பல வருஷங்களுக்கு முன் அவருடைய வலக்கண்ணில் ஏறியிருந்தது. குழாய் வைத்து மூன்று கிழமை. “குழாய் வைச்சும் பிறஷர் இறங்கேல்லை, பிறகேன் வைச்சது?” என்று கேட்டார். தாதி நூலின் கதையைச் சொன்னதும், “அப்ப மறிச்சுக் கட்டியிருக்கு எண்டு சொல்லுங்கோவன் பிள்ளை” என்று ஆறுதலடைந்தார். நூல் கரையும்வரை துளிகளும், விரல் நுனி விறைக்கச் செய்யும் அசற்றசோலமைட் குளிசையும் அவருக்குத் துணை.

நூல் கரையும் கிழமைதான் அபாயமான கிழமை. அழுத்தம் சடாரென்று விழ, முன்னறை ஒடுங்கி, விழித்திரைக்குப் பின்னாலுள்ள தோலுரு நீர்கோத்து வீங்கும், பார்வை மங்கும். பெரும்பாலும் அற்றோப்பின் துளிகளாலும் ஸ்ரெரோயிட் துளிகளாலும் காத்திருந்து சமாளிப்பார்கள். முன்னறை முற்றாக ஒடுங்கினால் பசைத் திரவம் ஏற்றி உயர்த்துவார்கள், அல்லது குழாயை மறுபடியும் கட்டுவார்கள். திடீரென்று பொறுக்கமுடியாத வலி வந்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது அடுத்த கிளினிக் வரை காத்திருக்கலாகாது. முல்லைத்தீவின் உட்கிராமத்தவருக்கு இதைச் சொல்வது எளிது, செய்வது அரிது. கொழும்பு வரை போகவேண்டி வந்தால், வவுனியாவிலிருந்தே அது ஏறத்தாழ 250 கிலோமீற்றர்.

காயப்பட்ட கண்ணுக்கு இன்னொரு விசேஷத் தொல்லையும் உண்டு. வில்லை இடம்பெயர்ந்து, அதன் பின்னாலுள்ள கூழ்போன்ற கண்ணாடியுடனீர் முன்னே தள்ளி வந்து குழாயின் வாயை அடைத்துவிடும். வாய்க்காலில் சல்வினியா சிக்கியதுபோல. லேசரால் சில சமயம் வெட்டிவிடலாம், இல்லாவிட்டால் அந்தக் கூழை உரியபடி அகற்றவேண்டும். மாதங்கள் செல்ல, தழும்புறை தடித்து அழுத்தம் மீண்டும் ஏறுவதுண்டு. துளிகள் திரும்ப வரும், சிலருக்கு ஊசியால் உறையைக் குத்தி இளக்குவார்கள். குழாயின் நுனி விழிவெண்படலத்தை உரசினால் அது மங்கிப்போகும், இடம் மாற்றிப் பதிக்கவேண்டும். பெரிய தட்டு தசையோடு இடறி எல்லாம் இரண்டாகத் தெரிவது சிலருக்கு.

வருஷங்கள் கழிந்தும் விடாத பயம், குழாயை மூடிய மேற்றோல் தேய்ந்து குழாய் வெளியே தெரிவது. அது கிருமி உள்ளே நுழையும் நேர்வழி. இதனாலேயே, தானமாகக் கிடைத்த கண்ணொன்றின் வன்கோதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் குழாயின்மேல் ஒட்டுப்போடுவது வழக்கம். 1961இல் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் உலகுக்கே விழிவெண்படலம் அனுப்பிய நாடு இது. தானம் கொடுத்தவரின் கண்ணில் விழிவெண்படலத்துக்கு அப்பாலுள்ள வெள்ளைக் கோதும் இப்படி இன்னொருவருக்கு ஒட்டாகும் என்பது பலருக்குத் தெரியாது. ஒட்டும் தேய்ந்துவிட்டால் புதிதாகப் போடுவார்கள். கிருமி பற்றியிருந்தால் கருவியையே எடுத்துவிடுவார்கள்.

அன்று கிளினிக்கில் வைத்தியர் அந்தக் கமக்காரரைக் கீழே பார்க்கச் சொல்லி மேலிமையை விரலால் உயர்த்தியபோது, கறுப்பு விழிக்கு மேலே வெள்ளையில் ஒரு சிறு தடிப்பு தெரிந்தது, அவ்வளவுதான். “நோவில்லாட்டியும், சிவந்து பீளை சாறினா அண்டைக்கே வரவேணும் ஐயா. ஆறாங் கிழமை மூட்டை தூக்கப்படாது, குனிஞ்சு வேலை செய்யப்படாது” என்றார் வைத்தியர். வெளியே வந்து கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டியிருந்த சின்னக் கலண்டரில் கிழமைகளை விரல்விட்டு எண்ணினார் கமக்காரர். ஆறாங் கிழமை அருவிவெட்டில் விழுந்தது. சற்றுநேரம் யோசித்துவிட்டு, கைபேசியை எடுத்து, “தம்பி, வெட்டு மெசினுக்கு வேற ஆளைப் பிடி, மூட்டை தூக்க நான் வரமாட்டன்” என்று மகனுக்குச் சொன்னார்.