சித்தூரிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

“பி.ஏ. படித்து என்ன செய்யப் போகிறாய்?” இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் சித்தூர், திருப்பதி வட்டாரத்து வீடுகளில் தமிழிலும் தெலுங்கிலும் எழும் கேள்வி இது. வரலாறும் தத்துவமும் இலக்கியமும் கற்க விரும்பும் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது. ஆனால் இம்மண்ணின் வரலாறு அக்கேள்விக்கு நல்ல விடையை வைத்திருக்கிறது.

சித்தூர் நகரையொட்டிய கட்டமஞ்சியில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் ராமலிங்க ரெட்டி. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வரலாறும் தத்துவமும் பயின்றார். மாணவராக இருந்தபோதே ‘முசலம்ம மரணமு’ என்னும் தெலுங்குக் காவியத்தை எழுதினார். 1902இல் இந்திய அரசின் உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்குள்ள மாணவர் மன்றத்தின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. பின்னாளில், 1926இல், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருப்பதியில் பள்ளிக் கல்வி பெற்றவர். வேலூரிலும் சென்னையிலும் அவரது கல்லூரிப் படிப்பை நடத்தியது உதவித்தொகையே. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்ததால்தான் அப்பாடத்தை அவர் தேர்ந்தார் என்பர். 1936இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார்.

இவ்விருவரும் கற்றவை இன்று பலர் தயக்கத்துடன் நோக்கும் கலைப் பாடங்களே என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

தேர்வுக் குழு எதைப் பார்க்கிறது?

அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் ஏறத்தாழ 2,000 மாணவர்களே பயில்கின்றனர். ஆயினும், அத்தகைய சிறிய கலைக் கல்லூரிகளிலிருந்து உலகின் கடும் போட்டிக்குரிய உதவித்தொகைகளைப் பலர் வெல்கின்றனர். அங்கே வகுப்புகள் சிறியவை. ஆசிரியர் மாணவரை நன்கு அறிவார். எனவே அவர் தரும் பரிந்துரைக் கடிதத்தில் உண்மையான விவரங்கள் இருக்கும். மாணவர் வாரந்தோறும் கட்டுரை எழுதிப் பழகுகிறார். விண்ணப்பிக்க வழிகாட்டும் அலுவலகமும் கல்லூரியிலேயே உள்ளது.

நம் வட்டாரத்தில் வழிகாட்டும் அலுவலகம் இல்லாத கல்லூரியிலும் மற்ற இரண்டையும் மாணவரே தேடிக்கொள்ளலாம். முதலாண்டிலேயே ஓர் ஆசிரியரை அணுகித் தம் கட்டுரைகளைத் திருத்தித் தருமாறு வேண்டலாம். மூன்றாண்டுகள் அப்படிப் பழகிய ஆசிரியரின் கடிதம், “ஒழுக்கமான மாணவர்” என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடாது.

உள்நாட்டு வாய்ப்புகளில் முதன்மையானது, ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் யு.ஜி.சி. நெட் தேர்வின் வழி கிடைக்கும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. தாள்கள் இரண்டு, கேள்விகள் 150, மதிப்பெண்கள் 300, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தமிழும் தெலுங்கும் வரலாறும் இதில் பாடங்களாக உள்ளன. 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுகளுக்குப் பின் மதிப்பீட்டில் தேறியவர்க்கு 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. ஐந்தாண்டுகள் முழுமையாகப் பெறுபவருக்கு இது 24 லட்சம் ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

வெளிநாட்டுக் கல்விக்கு, ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவும் ரோட்ஸ் உதவித்தொகையும், பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கான செவனிங் உதவித்தொகையும் குறிப்பிடத்தக்கவை. முன்னதற்கு வயது வரம்பு உண்டு. பின்னதற்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் தேவை. இரண்டிற்கும் படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். இதை அறியாமல் காலத்தைத் தவறவிட்டவர்க்கு எத்தனை திறமை இருந்தும் பயனில்லை.

கிளையில் செய்ய வேண்டியவை

நம் எல்லைப்புறக் குடும்பங்களுக்குரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தமிழ் மரபில் தந்தை பெயரின் முதலெழுத்தை எழுதுகிறோம். தெலுங்கு மரபில் வீட்டுப்பெயர் முன்னே வருகிறது. மதிப்பெண் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், கணக்கில் நேரடியாக வரவேண்டிய உதவித்தொகை தாமதமாகக் கூடும். கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேயே அனைத்தையும் ஒன்றாக்கிவிடுவது நலம்.

உதவித்தொகையை வென்ற பின்னும் கடவுச்சீட்டு, தேர்வுக் கட்டணம், முதல் மாதச் செலவு என்று கைப்பணம் தேவைப்படும். பிள்ளை கல்லூரியில் சேரும் நாளிலேயே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால் இச்செலவை எளிதில் தாங்கலாம். உதவித்தொகை ஓரளவே கிடைத்தால் எஞ்சியதற்குக் கல்விக் கடன் உண்டு. 4 லட்சம் ரூபாய் வரை பொதுவாகச் சொத்து ஈடு கேட்கப்படுவதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை செலுத்தாதிருக்கவும் வழியுண்டு. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், செலுத்தும் வட்டிக்கு எட்டாண்டுகள் வரை விலக்குப் பெறலாம்.

ஓர் உறவினர் கொடுத்த பழைய பாடநூல்கள் திருப்பதியில் படித்த சிறுவனின் வாழ்க்கையை மாற்றின. இவ்வாண்டு நம் வீட்டுப் பிள்ளை கலைப் பாடத்தைக் கேட்கும்போது, “என்ன செய்யப் போகிறாய்?” என்பதோடு நிறுத்தாமல், “எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?” என்று உடனமர்ந்து கேட்போம்.