பெட்டி போனால் படமும் போகவேண்டுமா?



தோட்டத்தை விட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் தாமானில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய பேத்தி தொலைக்காட்சியில் ஒரு சிறுவர் பாட்டு நிகழ்ச்சியில் பாடினாள். பார்வையாளர் வரிசையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். பிள்ளை பாடி முடித்ததும் அவர் எழுந்து நின்று கை தட்டுவதை இரண்டு மூன்று விநாடி காட்டினார்கள். அக்கா அந்த நிகழ்ச்சியைச் சந்தாத் தொலைக்காட்சிப் பெட்டியில் பதிவு செய்து வைத்தார். மறு வருடம் தாத்தா காலமாகிவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டாமல் அக்கா அனுப்பியதில்லை.

ஒரு நாள் பெட்டி பழுதாகிவிட்டது. பழுது பார்க்க வந்தவர் நல்ல பையன்தான். பத்து நிமிடத்தில் புதுப் பெட்டியை மாட்டிவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாலையில் அக்கா ரிமோட்டை எடுத்துப் பதிவுகளின் பட்டியலைத் திறந்தார். பட்டியல் காலி. தொலைபேசியில் கேட்டதற்கு, “அதெல்லாம் பழைய பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும் அக்கா, இதில் வராது” என்று பதில் வந்தது.

அக்காவின் பதிவு இனித் திரும்பி வராது. நான் இதை எழுதுவது, உங்கள் வீட்டில் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்காகத்தான். பழுதாகும் முன்பு அதற்குள் இருப்பதைக் கணினிக்கு மாற்ற முடியுமா? சிலவற்றை முடியும். சிலவற்றை முடியாது. எது முடியும், எப்படி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பதிவு செய்யும் பெட்டிக்குள் இருப்பது, கணினிக்குள் இருக்கும் அதே மாதிரியான ஒரு ஹார்ட்டிஸ்க்தான். இதைக் கேட்டதும் சிலருக்குக் கை பரபரக்கும். பெட்டியின் ஆணியைக் கழற்றி, ஹார்ட்டிஸ்கை எடுத்துக் கணினியில் செருகினால் முடிந்ததே என்று தோன்றும். தயவுசெய்து அந்த வேலையில் இறங்காதீர்கள். சந்தாப் பெட்டிகளில் பதிவாகும் படம் குழப்பி எழுதப்பட்டிருக்கும். அதைச் சரிசெய்து காட்டும் திறவுகோல் அந்தப் பெட்டியிடம் மட்டுமே உண்டு. அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டிகூட அதைத் திறக்காது. அக்காவுக்கு நேர்ந்ததும் அதுவே. அந்தப் பூட்டை உடைக்க வழி சொல்கிறோம் என்று யாராவது வந்தால் கேட்காதீர்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அது குற்றம். போதாததற்குப் பெட்டியும் பெரும்பாலும் நம்முடையதல்ல, நிறுவனத்துடையது.

இரண்டாவது வகைப் பெட்டி வேறு. 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நம் நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு முழுவதும் நின்றுவிட்டது. அதன் பிறகு, பழைய தொலைக்காட்சி வைத்திருந்தவர்கள் இலவச அலைவரிசைகளைப் பார்க்க ஒரு சிறிய டிக்கோடர் பெட்டி வாங்கவேண்டி வந்தது. அந்தப் பெட்டிகளில் பலவற்றின் முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு யு.எஸ்.பி. துளை இருக்கும். பென்டிரைவைச் செருகி ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிகழ்ச்சி அதில் பதிவாகும் வசதி சிலவற்றில் உண்டு. விடியற்காலை பிரட்டுக்குப் போய் அலுத்து வருபவர்கள், இரவு நிகழ்ச்சியைப் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது இப்படித்தான்.

பென்டிரைவில் இருந்தால்

பென்டிரைவை எடுத்து, படிக்கிற பிள்ளையின் மடிக்கணினியில் செருகுங்கள். இங்கேதான் பலர் தலையில் கை வைக்கிறார்கள். “இந்த டிஸ்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யலாமா?” என்று திரையில் ஒரு கேள்வி வரலாம். பயந்துபோய் ‘சரி’ என்பதை அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் பதிவு அழிந்துவிடும். சில பெட்டிகள் தமக்கே உரிய முறையில் பென்டிரைவைத் தயார் செய்துகொள்கின்றன. அந்த முறை விண்டோஸ் கணினிக்குப் புரிவதில்லை. அதனால் வரும் கேள்விதான் அது. பதிவு கெட்டுப்போகவில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பென்டிரைவை எடுத்துவிடுங்கள். லினக்ஸ் போட்ட கணினி வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொடுத்துப் பாருங்கள். பல வேளைகளில் அதில் திறந்துவிடும்.

கேள்வி வராமல் நேராகத் திறந்துகொண்டால் அதிர்ஷ்டம். உள்ளே ஓர் உறை இருக்கும். அதில் பெயரின் கடைசியில் ‘டி.எஸ்.’ என்று முடியும் கோப்புகளைப் பார்க்கலாம். அவைதான் படம். ஒரே நிகழ்ச்சி இரண்டு மூன்று துண்டாக இருந்தால் பதறவேண்டாம். பழைய முறையில் தயார் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் போகமுடியாது; அதனால் பெட்டியே துண்டு போட்டு வைக்கிறது. அத்தனை துண்டுகளையும் கணினிக்கு நகல் எடுங்கள். நகல் என்றுதான் சொல்கிறேன். வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் கோப்பு கெட்டுப்போகக்கூடும். பிறகு வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். கடைசிவரை ஓடுகிறதென்று கண்ணால் கண்ட பிறகே பென்டிரைவில் உள்ளதை அழியுங்கள். கோப்பைச் சிறியதாக்கிக் கைப்பேசியில் ஓடும்படி செய்ய ஹேண்ட்பிரேக் என்ற இன்னோர் இலவச மென்பொருள் உண்டு.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை

பூட்டிய பெட்டிக்கு வருவோம். பெட்டியின் பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைகள் இருக்கின்றனவா, பாருங்கள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலப்பக்கத்துக்கு. இந்த மூன்று வயரையும் ஒரு முனையிலும், யு.எஸ்.பி.யை மறுமுனையிலும் கொண்ட ஒரு சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. ‘வீடியோ கேப்சர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். மலிவான சாமான்தான். பெட்டி தொலைக்காட்சிக்கு அனுப்பும் படத்தை இது வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும். கணினியில் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, கருவியைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யவேண்டும்.

இதில் குறுக்கு வழி இல்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சியை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். நிகழ்ச்சியைப் பெட்டியில் ஓடவிட்டு, கணினியைத் தொடாமல் விட்டுவிட்டு நீங்கள் சமையலைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் கணினி தானாகத் தூங்கிப்போகாதபடி அமைத்துவிடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டுகொண்டே இருந்தாலோ, கருவியின் அமைப்பில் ‘என்.டி.எஸ்.சி.’ என்று இருக்கும். நமது நாட்டின் முறை ‘பால்’. 720க்கு 576 அளவு, விநாடிக்கு 25 படம். அப்படி மாற்றினால் வண்ணம் வந்துவிடும். முதலில் ஐந்து நிமிடம் மட்டும் பதிவு செய்து, போட்டுப் பார்த்து, முக்கியமாகச் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

எல்லாப் பெட்டியிலும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. புதுப் பெட்டிகள் சிலவற்றில் மூன்று நிறத் துளையே கிடையாது; எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்றுதான். அதன் வழியாக வரும் படத்துக்கும் பூட்டு உண்டு. சில நிகழ்ச்சிகளில் ‘நகல் எடுக்காதே’ என்ற குறிப்பைச் சேர்த்தே அனுப்புகிறார்கள். அப்போது திரை இருண்டுபோகும், அல்லது கருவி மறுத்துவிடும். அத்தோடு விட்டுவிடுங்கள். மாற்ற முடிந்ததும் உங்கள் வீட்டுக்குள் பார்க்க மட்டுமே. நகல் போட்டு விற்பதும் பிறருக்குப் பரப்புவதும் வேறு கதை. அந்தக் கதைக்கு நான் துணை வரமாட்டேன். நாடகத் தொடர்களை மாற்றுவதற்காக மெனக்கெடவும் வேண்டாம். அவை எங்காவது மறுபடி வரும். உங்கள் வீட்டு முகம் தெரிகிற நிகழ்ச்சிதான் வராது.

அலமாரியில் கிடக்கும் கேசட்

இப்போது நான் உண்மையில் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த மூன்று நிறக் கருவிக்கு இன்னொரு வேலை உண்டு. பெட்டியைக் கழற்றிவிட்டு அதே வயரைப் பழைய வீடியோ டெக்கின் பின்னால் செருகுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறதே அந்தக் கேசட், அதையும் கணினிக்கு மாற்றலாம்.

பெட்டிப் பதிவைவிட இது அவசரம். வி.எச்.எஸ். கேசட் 1976ல் ஜப்பானில் வெளிவந்தது. நம் தோட்டங்களில் 1980களில் கலியாணத்துக்கு வீடியோ எடுப்பது ஒரு பெருமையாக இருந்தது. பட்டணத்திலிருந்து விளக்கும் கேமராவுமாக ஆள் வருவார். அந்த விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளைக்குக் கண்ணே திறக்காது. மாரியம்மன் திருவிழாவையும் தீமிதியையும் சிலர் எடுத்தார்கள். அந்தத் தோட்டங்கள் பல இன்று துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போன இடத்தில் வீடுகள் வந்தன. லயம் இடிந்த இடத்தில் இப்போது நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. லயத்து வாசலும் தண்ணீர்ப் பைப்பும் கோயில் முன்னிருந்த மரமும் அந்தக் கலியாணக் கேசட்டின் ஓரத்தில்தான் இருக்கின்றன.

கேசட்டின் நாடா ஒரு மெல்லிய பிளாஸ்டிக். அதன்மேல் இரும்புத் துகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் அந்தப் பசை இளகும், நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் டெக்கில் போடும் முன், கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ புள்ளியோ தெரிந்தால் போடவே போடாதீர்கள். நாடா கிழியும், டெக்கின் ஹெட்டில் ஒட்டிய பூஞ்சணம் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அப்படிப்பட்டதைச் சுத்தம் செய்து மாற்றித் தரும் கடைகள் பட்டணத்தில் இருக்கின்றன. காசு போனாலும் பரவாயில்லை, அவர்களிடமே கொடுங்கள்.

சுத்தமாக இருந்தால், கேசட்டின் முதுகுப்பக்கம் இடது மூலையைத் தடவிப் பாருங்கள். சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருந்தால் அதை ஒடித்துவிடுங்கள். அது இருக்கும்வரை, தப்பித் தவறிப் பதிவுப் பொத்தானில் விரல் பட்டால் கலியாணத்தின் மேல் வேறு எதுவோ பதிவாகிவிடும். பிறகு நாடாவை ஒரு முறை கடைசிவரை சுற்றி, மறுபடியும் பின்னுக்குச் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்தது இளகிக்கொடுக்கும். கிறீச்சென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

டெக்குக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வி.எச்.எஸ். டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016ல் அதை நிறுத்திவிட்டது. ஆகவே பழைய சாமான் கடையிலோ உறவினர் வீட்டிலோதான் தேடவேண்டும். கிடைத்ததும் ஒன்றுக்கும் உதவாத கேசட்டை முதலில் போட்டுப் பாருங்கள். நாடாவைத் தின்கிற டெக்காக இருந்தால் அந்த கேசட்டோடு போகட்டும். படத்தில் மழை பெய்வதுபோல் கோடு விழுந்தால் ‘டிராக்கிங்’ பொத்தானை மெல்லத் திருப்புங்கள். சத்தம் ஒரு பக்கம் மட்டும் வந்தால் அது மோனோ டெக், ஓ.பி.எஸ்.ஸின் ஒலி அமைப்பில் ‘மோனோ’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் வரும்.

மாற்றியதை எங்கே வைப்பது?

விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 1.8 ஜிகாபைட் ஆகும். 64 ஜிகாபைட் பென்டிரைவில் முப்பது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். ஆனால் பென்டிரைவ் ஒன்றையே நம்பியிருக்காதீர்கள். ஒரு நகல் உங்கள் வீட்டில், இன்னொன்று ஹார்ட்டிஸ்கில் மகள் வீட்டில் என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோமே என்று இருந்துவிடவும் கூடாது. அது படத்தைச் சுருக்கி மங்கலாக்கித்தான் அனுப்பும்.

இன்னொன்று. மாற்றும்போது பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கொப்பியும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா எங்கள் தோட்டத் திருவிழாப் பதிவைப் பார்த்தபோது சாமியைப் பார்க்கவே இல்லை. “அதோ மண்டோர் வீடு… அந்தப் பச்சைச் சேலை, அவள்தான் உன்னைத் தூக்கி வளர்த்தவள்” என்று சொல்லிக்கொண்டே போனார். எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று எழுதி வைத்தேன். எனக்கு அவர்களில் பாதிப் பேரைத் தெரியாது.

போன ஞாயிறு அக்காவின் கலியாணக் கேசட்டைப் போட்டோம். 1987ல் எடுத்தது. பூஞ்சணம் இல்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் தாத்தா மெலிந்து, மீசையோடு இருந்தார். பேத்தி நம்பவில்லை. முதல் அரைமணி நேரம் வெள்ளை வயர் சரியாகச் செருகாததால் சத்தம் பதிவாகவில்லை. இந்த ஞாயிறு திரும்ப ஓட்டவேண்டும். “ஓட்டு தம்பி, எனக்கு வேறென்ன வேலை” என்கிறார் அக்கா.